குடந்தையில் நடந்த கால்கள்

உழவன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியபோது கும்பகோணம் இன்னும் விடிந்திருக்கவில்லை. நாங்கள் நான்கு பேர். சென்னையில் ஒரே அலுவலகத்தில் பத்து வருடமாக அடுத்தடுத்த நாற்காலி. ஆனாலும் நால்வரும் சேர்ந்து வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. ஒருவருக்கும் இந்த ஊர் முன்பின் தெரியாது. எங்களில் ஒருத்தி பதினான்கு கோயில்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். அவளைப் பட்டியல்காரி என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். இன்னொருத்திக்குச் சாமியில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. "நான் காபிக்கு வரேன், நீங்க கோயிலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட்டுக்கே பணம் கொடுத்தாள்.

தங்கும் இடத்தில் எங்கள் பெயரில் அறையே இல்லை என்றார்கள். பணம் கட்டிய ரசீதைக் காட்டி, வாதாடி, அறை கிடைக்கும்போது ஏழரை மணி. பட்டியலின் முதல் இரண்டு கோயில்கள் அங்கேயே போயின. பித்தளை டபராவில் நுரை தள்ளிய டிகிரி காபியும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட கடப்பாவும் வந்த பிறகுதான் எங்கள் கோபம் அடங்கியது. காபிக்காரி மூன்றாவது டபராவை முடித்துவிட்டு, "எனக்கு யாத்திரை முடிஞ்சாச்சு" என்றாள்.

முதலில் ஆதிகும்பேசுவரர். வாசலிலிருந்து உள்ளே போகிற நீண்ட மண்டபம் முழுக்கக் கடைகள். வளையல், குங்குமம், மரச்செப்பு என்று கண் அலைபாய்கிறது, நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது. பிரளய வெள்ளத்தில் மிதந்து வந்த அமுத குடம் இங்கே தங்க, ஈசன் வேடனாக வந்து அம்பெய்து அதை உடைத்தார். சிந்திய அமுதமும் மணலும் சேர்ந்ததே இந்த லிங்கம் என்பது தலபுராணம். மணல் லிங்கம் என்பதால் நீரால் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவதோடு சரி. தேவாரத்தில் இந்தத் தலத்துக்குப் பெயர் குடமூக்கு. மங்களாம்பிகை சந்நிதியில் நிதானமாக நின்று சேவித்தோம். கல்லிலேயே செய்த நாதஸ்வரம் ஒன்று இங்கே இருக்கிறது. அதை ஊதுகிறவருக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பதுதான் வெகுநேரம் என் யோசனையாக இருந்தது.

சார்ங்கபாணி கோயிலைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பதினொரு நிலைக் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். இந்தக் கோயிலில் முதலில் தாயாரைச் சேவிக்க வேண்டும். ஹேம மகரிஷியின் மகளாக இங்கே தோன்றியவள் கோமளவல்லி. பெருமாள் அவளைத் தேடி வந்து மணந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஆக, இது பெருமாளுக்கு மாமனார் வீடு. வீட்டுக்கு உரியவளைப் பார்க்காமல் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வர முடியுமா?

பெருமாள் சந்நிதி ஒரு கல் தேர். சக்கரங்கள், இழுக்கிற குதிரைகள், யானைகள் எல்லாமே கல். உள்ளே போக இரண்டு வாசல்கள்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். நாங்கள் போனது ஆவணியில். தட்சிணாயன வாசல் வழியாகப் படியேறி உள்ளே போனோம்.

என் பாட்டி திருச்சந்த விருத்தம் சொல்லிக்கொண்டேதான் அரிசி களைவார். அந்தச் சந்தத்துக்கு அவர் கையும் சேர்ந்து ஆடும். "நடந்த கால்கள் நொந்தவோ" என்ற அடி வரும்போதெல்லாம், யாரோ வெகுதூரம் நடந்து வந்தவரைப் பாட்டி விசாரிக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எந்த ஊர்ப் பெருமாளைப் பற்றியது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. சந்நிதிக்குள் நின்றபோதுதான் பாட்டின் மீதி நினைவுக்கு வந்தது. 'காவிரிக் கரைக் குடந்தையுள்' என்றல்லவா அடுத்துப் போகிறது!

அந்தப் பாட்டைப் பாடிய திருமழிசையாழ்வார் இங்கே வருகிறார். எதிரே பெருமாள் படுத்திருக்கிறார். ஆழ்வாருக்கு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை, கவலைதான் வருகிறது. உலகம் அளந்து, காடும் மலையும் கடந்து நடந்தாயே, கால் வலித்துத்தான் படுத்திருக்கிறாயா? வராகமாகப் பூமியைப் பெயர்த்து எடுத்தாயே, அந்த உடம்பு அசதியா? கொஞ்சம் எழுந்திருந்து பேசு. இப்படிக் கேட்டதும் பெருமாள் எழ முற்பட்டாராம். ஆழ்வார் பதறிப்போய், போதும், அப்படியே இரு, வாழி என்றாராம். முழுக்கப் படுக்கையும் இல்லாமல், எழுந்து உட்கார்ந்த நிலையும் இல்லாமல், தலையைச் சற்றே உயர்த்தி நம்மிடம் ஏதோ சொல்ல வருகிற மாதிரியான அந்தக் கோலத்துக்கு உத்தான சயனம் என்று பெயர்.

பட்டர் கற்பூரத்தைத் திருமுகத்திலிருந்து மெதுவாகத் திருவடி வரை கொண்டுபோனார். எத்தனையோ சந்நிதிகளில் நான் சம்பளம், மாமியார் உடம்பு, பையனின் கணக்கு மார்க் என்று ஒரு மூட்டையை இறக்கி வைத்திருக்கிறேன். இங்கே எதையும் கேட்க வாய் வரவில்லை. கால் வலி என்று படுத்திருக்கிற ஒருவரிடம் போய் எதைக் கேட்பது? திருவடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நகருங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று, இன்னொரு தடவை உள்ளே போனேன். பட்டியல்காரி கடிகாரத்தைக் காட்டினாள். அவளையும் இழுத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினார்கள். இந்த ஊரில் மதியத்துக்குப் பிறகு சாமிகளுக்கு ஓய்வு, மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பட்டியலில் பன்னிரண்டரை, ஒன்றேகால், இரண்டு என்றெல்லாம் எழுதியிருந்த கோயில்கள் மொத்தமாக அடிபட்டன. வெயிலில் காய்ந்த கருங்கல் தளத்தில் செருப்பு விட்ட இடம் வரை நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பூக்காரம்மா, "கோடு போட்ட எடத்துல ஓடுங்கம்மா" என்று கத்தினார். வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் சூடு குறைவு என்று அப்போதுதான் கண்டுகொண்டோம்.

மாலையில் ஆட்டோ பிடித்துத் தாராசுரம் போனோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. காபிக்காரி இங்கேதான் விழித்துக்கொண்டாள். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கிற சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு பக்கத்தைக் கையால் மறைத்து, அப்புறம் மறுபக்கத்தை மறைத்து, குழந்தை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தாள். பலிபீடத்தின் இசைப் படிகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். தட்டித் தட்டியே தேய்த்துவிடுவோம், வேலி இருப்பதே நல்லது. கருவறைச் சுவரின் அடியில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னக் கற்களில் செதுக்கியிருக்கிறார்கள். கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து ஏறிய காரைக்கால் அம்மையாரைத் தேடிக்கொண்டு குனிந்தபடியே வந்தேன். பாதிச் சுற்றுக்குள் இருட்டிவிட்டது.

ஞாயிறு காலை சுவாமிமலை. அறுபது படிகளுக்கும் அறுபது தமிழ் வருடங்களின் பெயர். எல்லோரும் பிறந்த வருடத்தைத் தேடினோம். பட்டியல்காரி 1987 மே மாதம் பிறந்தவள், பிரபவ, முதல் படியிலேயே நின்றுவிட்டாள். நான் 1986 நவம்பர், அட்சய, கடைசிப் படி. ஆறே மாதம் மூத்ததற்கு அத்தனை படியும் ஏற வேண்டியிருந்தது. அப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்ன சுவாமிநாதன் முன்னால் மயிலுக்குப் பதிலாக யானை நிற்கிறது, இந்திரன் கொடுத்ததாம். முந்தின நாள் மாலை தாராசுரத்தில் ஐராவதம் பூஜித்த ஈசனைப் பார்த்துவிட்டு வந்ததால், தெரிந்தவரை மறுநாள் வேறோர் ஊரில் பார்த்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து ராமசுவாமி கோயில். ஒரே ஆசனத்தில் சீதையும் ராமனும் பட்டாபிஷேகக் கோலத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. கதையை வரிசையாகப் பார்க்க மூன்று சுற்று வர வேண்டும். நாங்கள் இரண்டு சுற்றில் நிறுத்திக்கொண்டோம், கால் கெஞ்சியது. பாத்திரக் கடையில் ஒரு குத்துவிளக்கு, ஒரு கவுளி வெற்றிலை, அரைக் கிலோ காபித்தூள். அதோடு பணம் தீர்ந்தது.

சாயங்காலம் மகாமகக் குளத்தின் படியில் உட்கார்ந்தோம். சுற்றிலும் கோவிந்த தீட்சிதர் எழுப்பிய பதினாறு மண்டபங்கள். 2016-ல் இங்கே தலைகளாகத் தெரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இப்போது எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். அடுத்த மகாமகம் 2028-ல். பட்டியல்காரி தாளை எடுத்து எண்ணிப் பார்த்தாள். பதினான்கில் ஐந்து. ஒன்றும் சொல்லாமல் மறுபடி மடித்து வைத்துக்கொண்டு, நான்கு பேருமாகக் காலைத் தண்ணீரில் விட்டோம்.

இரவு ரயிலில் எனக்குக் கீழ்ப் படுக்கை. எதிரே காபிக்காரி. விளக்கை அணைத்து, வண்டி மயிலாடுதுறை தாண்டியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கெண்டைக்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. புரண்டு புரண்டு படுத்திருப்பேன் போல. அவள் படுத்தபடியே முழங்கையை ஊன்றித் தலையை லேசாகத் தூக்கி, "கால் வலிக்குதாடி?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

"பையில தைலம் இருக்கு, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.