பன்னிரண்டு பேருக்கும் முட்டை

எம்.எஸ்சி. உளவியல் புராஜெக்ட்டுக்கு ஸ்ட்ரூப் சோதனையைத் தமிழில் செய்யலாம் என்று கிளம்பினேன். ‘நீலம்’ என்ற சொல் சிவப்பு எழுத்தில் வரும். சொல்லை விட்டுவிட்டு நிறத்தைச் சொல்ல வேண்டும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் அச்சடித்த அட்டைகளை வைத்து வெளியிட்ட ஆய்வு. நான் அதை சைக்கோபை என்ற, உளவியல் சோதனைகளைக் கணினியில் அமைக்கும் மென்பொருளில் கட்டினேன்.

இடது அம்பு சிவப்பு, கீழ் அம்பு பச்சை, வலது அம்பு நீலம். வடசேரியில் வாங்கிய கலர் ஸ்டிக்கரை லேப்டாப் பொத்தான்களில் ஒட்டினேன். ஆளுக்கு 72 சொல். நாகர்கோவிலில் ஜூனியர் பிள்ளைகள் 12 பேரை ஒரே சனிக்கிழமையில் உட்காரவைத்து, சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து முடித்தாயிற்று.

ராத்திரி, பதில்கள் அட்டவணையாகப் பதிவாகும் சிஎஸ்வி கோப்பைத் திறந்தால், சரிக்கு 1, தப்புக்கு 0 விழ வேண்டிய நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை 0. பன்னிரண்டு கோப்பிலும்! கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் மூன்றில் ஒன்று சரியாகுமே. அப்போதுதான் தப்பு பிள்ளைகளிடம் இல்லை என்று உறைத்தது.

சொற்களையும் அவற்றுக்கான சரியான பொத்தான்களையும் ஓர் எக்செல் தாளில் எழுதி, விடை நெடுவரிசைக்கு ‘கார்ஆன்ஸ்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். சைக்கோபையில் பொத்தான் அமுக்குவதைப் பதிவுசெய்யும் பகுதியான கீபோர்டு காம்பொனன்ட்டில், சரியான விடை கேட்கும் கட்டத்தில் ‘கார்ஆன்ஸ்’ என்று வெறுமனே எழுதியிருந்தேன். முன்னால் டாலர் குறி போட்டால்தான் எக்செல்லில் அந்தத் தலைப்பின்கீழ் உள்ள விடையை எடுக்கும். இல்லாவிட்டால் ‘கார்ஆன்ஸ்’ என்றே ஒரு பொத்தான் இருப்பதுபோல அதோடு ஒப்பிடும். அந்தப் பொத்தான் எந்தக் கீபோர்டில் இருக்கிறது?

குறியைப் போட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் சரி. பச்சைக்கு மட்டும் முட்டை. பொத்தான்தான் ரிப்பேரோ என்று ஸ்டிக்கரைப் பிய்த்ததுதான் மிச்சம். எக்செல்லில் கீழ் அம்பின் பெயரான ‘டவுன்’ என்பதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதுவரை நஷ்டமில்லை. அமுக்கிய பொத்தானும் வேண்டிய விடையும் கோப்பில் தனித்தனியாகப் பதிவாகியிருந்ததால் ஃபார்முலா போட்டுத் திருத்திவிட்டேன். அப்புறம் நேரம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீபோர்டு காம்பொனன்ட்டை 0-லும் சொல்லை 0.5 வினாடியிலும் தொடங்க விட்டிருந்தேன். கடிகாரம் கீபோர்டோடு ஓட ஆரம்பிக்கிறது. ஆகவே எல்லாருக்கும் அரை வினாடி கூடுதல். கழித்தபோது ஒரு வரியில் மைனஸ் 0.12 வந்தது. சொல் வருமுன்னே அமுக்கியிருக்கிறாள், பாவம், பழம்பொரி அவசரம்.

மீட்க முடியாதது ஒன்றுதான். அன்று ஒருத்தி, “எக்கா, தப்பா அமுக்கிட்டு ஒடனே மாத்தி அமுக்கினேன், கொழப்பமில்லல்லா?” என்றாள். “கொழப்பமில்ல மக்கா” என்றேன். சொல் எல்லாருக்கும் ஒரே நேரம் திரையில் நிற்கட்டும் என்று, பொத்தானை அமுக்கியதும் ரொட்டீனை, அதாவது அந்தச் சொல்லுக்கான சுற்றை, முடிக்கும் டிக்கை எடுத்திருந்தேன். எந்த அமுக்கைச் சேமிக்க வேண்டும் என்று கேட்கும் ஸ்டோர் என்ற இடத்திலோ ‘லாஸ்ட் கீ’, கடைசிப் பொத்தான். இரண்டாவது அமுக்கு முதலாவதை அழித்துவிட்டது. ஸ்ட்ரூப்பில் எனக்கு வேண்டியதே அந்த முதல் தடுமாற்றம். யார், எந்தெந்தச் சொல்லில் மாற்றினார்கள் என்பதற்குக் கோப்பில் தடயமே இல்லை.

‘ஃபர்ஸ்ட் கீ’ என்று மாற்றி, கீபோர்டையும் 0.5-க்குத் தள்ளினேன். பிறகு நானே உட்கார்ந்து முதல் 9 சொல்லை வேண்டுமென்றே சரியாகவும், அடுத்த 9-ஐத் தப்பாகவும் அமுக்கினேன். அடுத்த 9-ல் கையே வைக்கவில்லை. அதற்கடுத்த 9-ல் தப்பை அமுக்கி உடனே மாற்றினேன். எல்லாம் தாளில் குறித்து, கோப்போடு வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். அமுக்காததற்கும் 0, தப்புக்கும் 0! பொத்தானின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பழைய 12 பேரும் கை பழகியவர்கள். மறுபடி அழைக்க முடியாது. மார்த்தாண்டம் பக்கம் புதுப் பிள்ளைகளைப் பிடித்தேன். களியக்காவிளைக்காரி ஒருத்திக்கு மலையாள எழுத்துதான் முதலில் பழக்கம் என்பதால் அவளைச் சேர்க்கவில்லை. அது வேறொரு புராஜெக்ட்டுக்கான விஷயம். இந்த முறையும் ஒருத்தி, “எக்கா, மாத்தி அமுக்கிட்டேன்” என்றாள். சாயா ஆறுவதற்குள் கோப்பைத் திறந்தேன். 41-ஆவது வரியில் அவள் முதலில் அமுக்கிய பொத்தான் இருந்தது. பக்கத்தில் 0.