ஹெர்பிக்கு ஆன செலவு: 26 மாதம், 20,115 டாலர்

கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் 12,000 டாலர் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நிற்கும் தொகை 20,115. நடுவில் உள்ள 8,115 டாலர் எங்கே போனது என்று எழுதி வைத்தால், சினிமாவில் பார்த்த காரை வீட்டிலேயே கட்ட ஆசைப்படும் இன்னொருவருக்குப் பயன்படும்.

கார், ஹெர்பி. 1968 கடைசியில் வந்த டிஸ்னியின் 'தி லவ் பக்' படத்தில் தானாக யோசித்துத் தானாக ஓடும் வெள்ளை ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஈரோட்டில் சித்தப்பா வீட்டு விசிஆரில் அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. வசனம் ஒன்றும் புரியவில்லை, கார் கோபித்துக்கொண்டது மட்டும் புரிந்தது. அந்தக் கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். இப்போது நான் குடியிருக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம். படத்துக்குக் கார் தேடியபோது ஸ்டுடியோவில் பல கார்களை வரிசையாக நிறுத்தி, வருகிறவர் போகிறவர் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்களாம். மற்ற கார்களின் டயரை உதைத்துப் பார்த்தவர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தவர்கள், பீட்டிலை மட்டும் தடவிக் கொடுத்தார்களாம். அந்தக் கதையைப் படித்த அன்றுதான் நோட்டு வாங்கினேன்.

வெள்ளை பீட்டிலில் 53 என்று ஒட்டிவிட்டால் ஹெர்பி ஆகிவிடாது. படத்தில் வருவது 1963 மாடல். கூரையில் மடக்கித் திறக்கும் துணி. நிறம் எல்87 என்ற குறியீடு கொண்ட முத்து வெள்ளை. பால் வெள்ளை இல்லை, லேசாக வெண்ணெய் கலந்த மாதிரி இருக்கும். முன்னாலிருந்து பின்வரை சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள். வட்டத்துக்குள் 53. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் டான் டிரைஸ்டேல் போட்டிருந்த எண் அது. கறுப்பில் மஞ்சள் எழுத்தில் ஓஎஃப்பி 857 என்ற கலிஃபோர்னியா நம்பர் பிளேட். உள்ளே படப்பிடிப்பு விளக்கு பட்டு மின்னாமலிருக்க எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள்.

இதில் பணத்தைத் தின்பது அந்த 1963 தான். மடக்கும் துணிக்கூரை வந்த கடைசி மாடல் அது. 1964 மாடலில் கைப்பிடியைச் சுற்றித் திறக்கும் இரும்புக் கூரை வந்துவிட்டது. முன் இண்டிகேட்டர் அகலமாகிவிட்டது, பின்னால் நம்பர் பிளேட் விளக்கின் கூடும் மாறியது, அதனால் இன்ஜின் மூடியும் மாறியது. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு கார்கள், பாகம் வாங்கப் போனால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

துணிக்கூரையோடு நல்ல நிலையில் இருந்த 1963 கார்களுக்குச் சொன்ன விலை என் மொத்த பட்ஜெட்டையும் தாண்டியது. ஆகவே சாதாரண இரும்புக் கூரை 1963 கார் ஒன்றை 4,200 டாலருக்கு வாங்கினேன். ஓடாத வண்டி. வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்தேன்: ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பதாக விற்றவர் மோட்டார் வாகனத் துறையில் முறையாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று. கலிஃபோர்னியாவில் அப்படிப் பதியாமல் விட்டிருந்தால் பழைய வருடங்களின் கட்டணமும் அபராதமும் வாங்குகிறவர் தலையில் வந்து விழும். அவர் பதிந்திருந்தார். மடெஸ்டோ பக்கம் பழைய இரும்புக் கடை ஒன்றில் 1962 கார் ஒன்றின் துணிக்கூரைப் பகுதியை மட்டும் சட்டத்தோடு வெட்டி வைத்திருந்தார்கள். 700 டாலர். நண்பரின் டிரக்கில் நானே போய் ஏற்றி வந்தேன். லாரியில் வரவழைத்திருந்தால் வாடகையே பாதி விலை ஆகியிருக்கும்.

இந்த நேரத்தில்தான் மாமனார் ஆறு மாதம் தங்கிப் போக வந்தார். கோவையில் முப்பது வருடத்துக்கு மேல் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். அம்பாசடரும் ஃபியட்டும் அவர் கையில் படாத வளைவு இல்லை. வந்த மறுநாள் காலையில் காபி டம்ளரோடு கேரேஜுக்குள் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவிரல் முட்டியால் வாசலடித் தகட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு முன்னால் வந்ததும் தொப் என்று அமுங்கியது. மறுபடி தட்டினார். என் மகளிடம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வரச் சொல்லி, கைக்குட்டையில் சுற்றி அங்கே வைத்தார். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது.

"மாப்ள, இங்க இரும்பே இல்லீங்க. பட்டியத் தடவி பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கானுங்க."

"எவ்வளவு தூரம் மாமா?"

"கீழ படுத்துப் பாருங்க. நீங்களே சொல்லுவீங்க."

படுத்தேன். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. பீட்டிலில் வாசலுக்கு அடியில் ஓடும் ஹீட்டர் சேனல் வெறும் காற்றுக் குழாய் இல்லை, உடம்பைத் தாங்குகிற எலும்பும் அதுதான். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருந்தது, தரைத் தகடும்தான். புதுத் தகடுகள் 620 டாலர். இது என் பட்ஜெட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை. கார் வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தையும் ஒரு துணியையும் எடுத்துப் போயிருந்தால் விலையில் ஆயிரம் டாலராவது குறைத்திருப்பேன்.

அன்று இரவு நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் 'படத்தில் தெரிவது', வலப்பக்கம் 'படத்தில் தெரியாதது'. என் ஆசை முழுவதும் இடப்பக்கம். மாமா வலப்பக்கத்தைத்தான் படித்தார். "பேத்திய இதுல உக்கார வெச்சு ஓட்டுவீங்கதானுங்க?" என்று மட்டும் கேட்டார். பிரேக் மொத்தமும் மாற்றினேன். 1963-இல் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் விட்டால் பிரேக்கே இருக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வேலை செய்யும் மாஸ்டர் சிலிண்டரைப் போட்டேன். சக்கர சிலிண்டர், ஹோஸ், ஷூ, டிரம் எல்லாம் சேர்த்து 780 டாலர். ஒரு ஆணிகூட வெளியே தெரியாது.

ஒயரிங்கும் அந்தப் பக்கம்தான். அந்தக் காலத்து கார் 6 வோல்ட்டில் ஓடுவது, ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரியும். 12 வோல்ட்டுக்கு மாற்ற 640 டாலர் ஆனது. எல்லா பல்பும், காயிலும், ஜெனரேட்டரும் மாற வேண்டும். பழைய ஸ்டார்ட்டரை மட்டும் அப்படியே விட்டேன், நன்றாகவே சுற்றுகிறது. 1,192 சிசி இன்ஜினைப் பிரித்துப் பார்த்ததில் உள்ளே நல்ல நிலைமை. கார்புரேட்டர், கிளட்ச், ரப்பர், சீல் என்று 1,150-இல் முடிந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த ஒரே செலவு அதுதான்.

கூரையை ஒட்டியது ஹேவர்டில் ஒரு சின்னப் பட்டறையில். வேலை செய்தவர் மெக்சிகோக்காரர், வயதானவர். மாமாவுக்கு ஸ்பானிஷும் தெரியாது, அவருக்குத் தமிழும் தெரியாது. இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். வெட்டுவதற்கு முன் வாசல் திறப்புகளில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய் வைத்துப் பற்ற வைத்தார்கள். அதைச் செய்யாமல் கூரையையும் ஹீட்டர் சேனலையும் வெட்டினால் உடம்பு தளர்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. கூரைத் தகடு மெல்லியது. நீளமாக ஒரே ஓட்டமாக வெல்டிங் வைத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று, ஆறவிட்டு மறுபடி. இப்படியே இரண்டரை நாள். மாமா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு புள்ளி ஆறியதும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். மேடு தட்டினால் அவர் விரலைக் காட்ட, இவர் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டுவார். தரையும் சேர்த்துக் கூலி 2,400 டாலர். நான் போட்டிருந்தது 1,000.

ஏமாந்த கதையையும் எழுதிவிடுகிறேன். அசல் 1963 என்று சொல்லி ஒருவர் விற்ற இன்ஜின் மூடி, வீட்டுக்கு வந்து விளக்குக் கூட்டை வைத்துப் பார்த்தபோது ஓட்டை பொருந்தவில்லை. 1964-க்குப் பிந்தியது. இண்டிகேட்டர் ஜோடியும் அகலமானதாகவே வந்தது. இரண்டும் சேர்ந்து 385 டாலர், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாகத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வேன். பக்கத்தில் அளவு டேப்பை வைத்து இன்னொரு படம். மறுக்கிறவரிடம் வாங்குவதில்லை. போமோனாவில் நடக்கும் பழைய கார் சந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவே கிளம்பிப் போனேன். கையில் என் காரின் பழைய இண்டிகேட்டரின் காகித அச்சு. அதை வைத்துப் பார்த்துப் பார்த்து எட்டாவது கடையில் சரியான ஜோடி கிடைத்தது. கூரைத் துணி, உள்கூரை, ரப்பர் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கரோனா நகரில் உள்ள உல்ஃப்ஸ்பர்க் வெஸ்ட் மாதிரிக் கடைகளின் பட்டியலில் வருடவாரியாகக் கிடைக்கும். கூரைத் துணியும் உள்கூரையும் பொருத்தும் கூலியோடு 1,500 டாலர்.

இன்னொரு தவறு வரிசையில். தள்ளுபடி என்று சீட் உறையையும் உள்பக்கச் சாமான்களையும் முதல் மாதமே வாங்கிவிட்டேன். 900 டாலர் பதினாறு மாதம் பெட்டிக்குள் தூங்கியது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் தரைத் தகடு வேலையில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்காது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் மனைவி அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தாள். "தரையே இல்லாத வண்டிக்கு சீட்டுங்களா?" என்றாள். நியாயம்தான். முதலில் இரும்பு, பிறகு பிரேக், ஒயரிங், இன்ஜின், பிறகு பெயின்ட், கடைசியில்தான் துணி. இப்போது கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன்.

பெயின்ட் 4,500 டாலர், காருக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். குறியீட்டைச் சொல்லிக் கலக்கச் சொன்னாலும் முதல் மாதிரி அட்டை வெளுத்துப்போய் வந்தது. கேரேஜ் டியூப்லைட்டில் சரியாகத்தான் தெரிந்தது. வெயிலில் கொண்டுபோய், டேஷ்போர்டுக்கு உள்பக்கம் மறைந்திருந்த அசல் பெயின்ட் துண்டின் பக்கத்தில் பிடித்தேன். என் கார் பிறந்தபோதே எல்87 நிறம் என்பது என் அதிர்ஷ்டம். மூன்றாவது அட்டை அதோடு கலந்து எல்லை தெரியாமல் போனது. அதை அடிக்கச் சொன்னேன்.

கோடுகளும் எண்ணும் 220 டாலர் ஸ்டிக்கர்தான். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் யோசித்தது அதில்தான். வட்டம் எவ்வளவு பெரியது, கோடு எவ்வளவு அகலம்? படத்தை நிறுத்தி நிறுத்தி, கார் நேராகத் தெரியும் காட்சிகளை எடுத்துக்கொண்டேன். சக்கர மூடியின் விட்டம் என்னிடம் இருக்கும் மூடியிலேயே அளந்துகொள்ளலாம். அதையே அளவுகோலாக வைத்துக் கதவில் உள்ள வட்டத்தைக் கணக்குப் போட்டேன். செய்தித்தாளில் வெட்டி, டேப்பில் ஒட்டி, தெருவின் எதிர்ப்புறம் போய் நின்று போனில் படம் எடுத்து ஒப்பிட்டேன். என் மகள் மூக்கைச் சுளித்து, "அப்பா, 5 குண்டா இருக்கு" என்றாள். குண்டாகத்தான் இருந்தது. நான்காவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை அப்படியே ஸ்டிக்கர் கடைக்குக் கொடுத்தேன்.

பம்பர், கண்ணாடி, ரப்பர் 1,130. டயர் ஐந்து, 560. பதிவும் முதல் வருட இன்ஷூரன்ஸும் 430. கலிஃபோர்னியாவில் 1975-க்கு முந்திய பெட்ரோல் கார்களுக்கும் 1975 மாடலுக்கும் புகைச் சோதனை கிடையாது என்பது பெரிய நிம்மதி. இன்ஷூரன்ஸை சாதாரண பாலிசியில் எடுக்காமல், காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பழைய கார் பாலிசியில் எடுத்தேன். அதற்கு ரசீதுகள் அத்தனையும் கேட்டார்கள். அந்த நோட்டு அங்கேதான் கை கொடுத்தது.

நம்பர் பிளேட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1960-களின் கறுப்பு மஞ்சள் பிளேட்டை மோட்டார் வாகனத் துறை 2015 முதல் மறுபடி தருகிறது, ஆனால் நான் வாங்கிய பிளேட்டில் உள்ள எண் அவர்கள் கொடுத்ததுதான். ஓஎஃப்பி 857 என்று செய்து வாங்கிய தகடு டிக்கியில் ஒரு துணியில் சுற்றி இருக்கிறது. கார் கண்காட்சிக்குப் போய் வண்டியை அணைத்த பிறகு மாட்டுவோம். கிளம்பும் முன் கழற்ற வேண்டும். அது மகளின் வேலை. இரண்டு திருகையும் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தகட்டைத் துணியில் சுற்றி வைத்து, பின் சீட்டில் ஏறி, "போலாம்பா" என்பாள்.