அப்பாவுக்கு அனுப்பும் படங்கள்

மே 2, வெள்ளி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை ஒட்டி ஓடும் தண்டவாளத்தருகே, கோட்டையிலிருந்து வீடு திரும்பும் கூட்டம் வாசற்படிகளில் தொங்கிக்கொண்டிருக்க, மாலை ரயில் சூரியனுக்கும் எனக்கும் நடுவே கடந்து செல்லும் நேரத்துக்காக நெடுநேரம் காத்திருந்து எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்து வைத்ததால் மனிதர்கள் கறுத்த உருவங்களாகவும், அவர்களுக்கு இடையில் தெரிந்த கடல் பொன்னிறமாகவும் பதிவாகியிருந்தன. இந்த ஊருக்கு வந்தபின் எடுத்தவற்றில் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். தம்பியின் கைபேசியில் அப்பா அனுப்பிய குரல்பதிவு: “ஓரத்தில ஒரு வண்டிக்காரன் நிக்கானே, என்னம்மா விக்கான்? என்ன விலை சொல்லுதான்?”

மே 4, ஞாயிறு

குடிவரவு அலுவலகம் மூடியிருக்கும் நாள். ஆகவே விசாவுக்காக அங்கே கொடுத்திருக்கும் கடவுச்சீட்டைப் பற்றி இன்று நினைக்க வேண்டியதில்லை.

மே 5, திங்கள்

இன்னும் கையெழுத்தாகவில்லை, வெசாக் என்னும் புத்தர் திருநாள் முடிந்து வாருங்கள் என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

வீட்டுக்குத் திரும்ப மனமின்றிப் புறக்கோட்டையில் இறங்கி இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நடந்தேன். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை எல்லா வெளிநாட்டவரும் கழுத்தை அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். தெரு குறுகலானது என்பதால் அதை முழுமையாகச் சட்டகத்துக்குள் கொண்டுவர எவராலும் முடிவதில்லை. கோபுரங்கள் பின்னோக்கிச் சாய்ந்தே விழுகின்றன. நான் கைபேசியைத் தாழ்த்தி, அதன் முன்னால் மூட்டைகள் ஏற்றிய கைவண்டியைத் தள்ளிச் சென்ற நாட்டாமிமாரை, அதாவது சுமைதூக்கிகளை எடுத்தேன். படம் எடுப்பவருக்காக அவர்கள் நிற்பதில்லை. நாம்தான் ஒதுங்க வேண்டும்.

அப்பாவின் பதில் இரவில் வந்தது. பள்ளிவாசலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூட்டை தைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் பருப்பு மூட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். குரல் தெளிவாக இருந்தது.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். வாக்குச்சாவடி இருக்கும் தெருப்பக்கம் கைபேசியை வெளியே எடுக்கவே இல்லை. விசா கையில் இல்லாதவருக்கு வீரம் உதவாது.

மே 7, புதன்

அப்பாவுக்காகவே இன்று காலி வீதிக் கடையொன்றின் விலைப்பலகையைப் படம் எடுத்தேன். உள்ளிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். “என்ன பிள்ளை, நுகர்வோர் அதிகாரசபையில இருந்தோ?” இந்நாட்டில் கடைக்காரர்கள் விலையைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும் என்பதாலும், சோதனைக்கு அதிகாரிகள் வருவதுண்டு என்பதாலும் எழுந்த சந்தேகம் அது. திருநெல்வேலியில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி கொழும்பு விலைகளைக் கேட்கிறார் என்று சொன்னதும், பலகையில் இல்லாத விலைகளையும் அவரே சொல்லத் தொடங்கினார். கீரிச் சம்பா அரிசி, மாசிக் கருவாடு, பெரிய தேங்காய்க்கு ஒரு விலை, சிறியதற்கு ஒரு விலை. பிறகு பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, “இப்ப எடும், வெளிச்சம் வடிவா விழுது” என்றார்.

இலங்கை ரூபாயை மூன்றரையால் வகுத்தால் நம் ரூபாய் வரும் என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். மனக்கணக்காகவே வகுக்கிறாராம். மயக்க மருந்து வல்லுநர் வந்து பார்த்தபோதும் வகுத்துக்கொண்டிருந்தார் என்று தம்பி எழுதினான். அவன் அதை வேடிக்கையாக எழுதினானா, பயந்து எழுதினானா என்று தெரியவில்லை.

மே 9, வெள்ளி

இங்கிருந்து மதுரைக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து சாலை வழியாக மூன்று மணி நேரம். காலையில் புறப்பட்டால் மதியச் சோற்றுக்கு அப்பாவின் பக்கத்தில் இருக்கலாம். இந்தக் கணக்கை நானும் நாள்தோறும் போடுகிறேன், ஆனால் வகுபடாமல் நிற்பது ஒரு சிறிய நீலப் புத்தகம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தூரம் என்ற காரணமாவது உண்டு. அத்தை தொலைபேசியில், “பக்கத்திலதானே இருக்க, ஒரு எட்டு வந்துட்டுப் போ” என்கிறார். இலங்கையை வெளிநாடு என்றே எங்கள் வீட்டில் எவரும் ஏற்றுக்கொண்டதில்லை. நான் அனுப்பும் படங்களும் அவர்களின் கருத்துக்கே துணை செய்கின்றன. தென்னை, வேம்பு, பூக்கடை, மூன்று மொழிப் பெயர்ப்பலகைகளில் ஒரு வரித் தமிழ். எதை எடுத்தால் இது வேறொரு நாடு என்று அவர்களுக்கு விளங்கும்? குடிவரவு முத்திரையைத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் அந்தப் புத்தகம் வேண்டும்.

மே 10, சனி

கொழும்பு 7இல் உள்ள லயனல் வென்ட் கலை மையத்துக்குப் போனேன். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த வென்ட், சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோ கலைஞர், இலங்கையின் அன்றாட உழைப்பாளர்களைக் கறுப்பு வெள்ளையில் வார்த்தவர். அவர் படங்களில் ஒளி மனித உடலைச் செதுக்கியிருப்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும், அந்த மனிதர் அன்று என்ன கூலி வாங்கினார் என்று அப்பா கேட்டால் அப்படங்களில் விடை இராது. இப்படி யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மே 12, திங்கள், வெசாக்

பேரே வாவியைச் சுற்றிலும் மூங்கில் சிம்பிலும் மெல்லிய வண்ணத்தாளிலும் செய்த விளக்குகளான வெசாக் கூடுகள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைக் காட்டும் பெரிய மின்விளக்குத் தோரணத்தைப் படம் எடுப்பது எளிதன்று: விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்து எரிவதால், குறைந்த நேரத்தில் எடுத்தால் பாதித் தோரணம் இருட்டாக விழுகிறது, நேரத்தைக் கூட்டினால் எல்லா விளக்குகளும் எரிகின்றன, ஆனால் முன்னே நிற்கும் மக்கள் புகையாய்க் கரைந்துவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். நான் மக்களைத் தேர்ந்தேன். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டித் தன்னைத்தானே படம் எடுக்க முயன்ற வெளிநாட்டு இளைஞரை ஒரு காவலர் பொறுமையாகத் திருப்பி நிறுத்தினார்.

வருவோர்க்கெல்லாம் இலவசமாக உணவு வழங்கும் தன்சலில் வரிசையில் நின்று சோறும் பருப்பும் வாங்கி உண்டேன். யார், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

அறுவை சிகிச்சை 19ஆம் தேதி.

மே 14, புதன்

நாளை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளை என்றால் நாளைதானா என்று கேட்டேன். சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, ஆம் என்றார். பெட்டியில் இரண்டு புடவைகளையும் கைபேசி மின்னூட்டியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தன்சல் படங்களை அப்பா நேற்றிரவே பெரிதாக்கிப் பார்த்துவிட்டாராம். இவ்வளவு பேருக்கு அரிசி கொடுத்தது யார், மொத்த விலைக்கா, இனாமாகவா என்று கேட்டிருக்கிறார். காலி வீதிப் பெரியவரிடம் விசாரிக்க வேண்டும். கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.