ஆட்டுக்குத் தெரிந்தது

எங்கள் தாவரவியல் ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிட்டவர், காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு விடியற்புறம் வந்தது. அதன் கீழே முதல் ஆள் எழுதியிருந்தது: "ஆட்டுக்கு அறிவிச்சாச்சோ?"

ஆடு நான்தான். அறுபது வயது, சிட்னியில் சொந்த மருந்துக்கடை, இரண்டு பேரப்பிள்ளைகள். இருந்தும் இந்த நினைவு மலரை வாசிக்கும் பாதிப் பேருக்கு நான் இன்னும் ஆடு. மிச்சப் பேருக்காக அந்தக் கதை.

விடியக்காலை மண்டபத்தில் பாய் விரித்து மூச்சு எண்ண வைப்பவரும், உயர்தர வகுப்பில் தாவரவியல் எடுப்பவரும், பின்னேரம் வீட்டு விறாந்தையில் நாடி பிடிப்பவரும் ஒரே ஆள். திருமூலர் கணக்கு மூச்சை இழுக்க 16, அடக்க 64, விட 32. "உங்களுக்கு 4, 16, 8 காணும்" என்பார். அந்தப் பதினாறிலேயே நாங்கள் களவாக மூச்சு விட்டோம். பேராதனைப் பட்டதாரி ஒருவர் தகப்பனின் வைத்திய ஏடுகளைக் கட்டிக்கொண்டு அழுவது, வைத்திய பீடக் கனவில் மிதந்த எங்களுக்குப் பெரிய பகிடி. நாட்டு வைத்தியரைச் சொல்வதுபோல் "பரியாரி வாறார்" என்று ஒருநாள் நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

அடிக்கவில்லை. வேலியோரம் போய் இரண்டு கொப்பு முறித்து வந்து மேசையில் வைத்தார்.

"எது ஆடாதோடை, எது பாவட்டை?"

குடும்பம், இலை அடுக்கு, பூவின் அமைப்பு எல்லாம் என் கொப்பியில் இருந்தன. கையிலிருந்த இலை எது என்றுதான் தெரியவில்லை.

"சரி, வாச்சரின்ரை ஆட்டிட்டைக் கேட்டுக்கொண்டு வாரும்."

வகுப்பே யன்னலில் தொங்கியது. ஆடு ஒரு கொப்பை மென்றது. மற்றதை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. ஆடு தொடாததுதான் ஆடாதோடை என்று வந்து சொன்னேன். "ஆட்டுக்கும் பரியாரம் தெரியுது" என்றார். அவ்வளவுதான். அன்றோடு என் பெயர் மாறியது.

அடுத்த கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தடித்த கொப்பியைக் காட்டினார். பரராசசேகரம் என்ற யாழ்ப்பாணத்துச் சித்த வைத்திய நூலில் வரும் மூலிகைகள்: ஏட்டுப் பெயர், ஊர்ப் பெயர், இலத்தீன் பெயர். ஆடாதோடைக்கு இலத்தீனிலும் 'அடதோடா' என்று நம்மூர்ப் பெயர்தான். அதிலுள்ள வாசிசின் என்ற சத்தைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செய்தார்கள் என்றார். என்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது அதே புரோம்ஹெக்சினை 8 மில்லிகிராம் மாத்திரையாக, பில் போட்டு விற்கிறேன்.

1984இல் யாழ் பல்கலைக்கழகம் கைதடியில் சித்த மருத்துவம் தொடங்கியபோது, விண்ணப்பம் போடச் சொல்லி சைக்கிளில் வீடு தேடி வந்தார். வைத்திய பீடத்துக்குப் புள்ளி காணாமல் குமைந்துகொண்டிருந்த எனக்கு அது இரண்டாம் முறை ஆட்டிடம் அனுப்பியது போல இருந்தது. உள்ளறையில் இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினா. அடுத்த வருடம் விமானம் ஏறினேன்.

1991இல் ஒரு கடிதம், கொழும்பு சுற்றி வந்தது. குளிசை எதுவும் ஊருக்கு வருவதில்லை, விறாந்தை கொள்ளாத சனம், கசாயம் காய்ச்ச ஆள் காணாது என்று எழுதியிருந்தார். கடைசி வரி: "அங்கை ஆடு இருக்கோ?"

எனக்குப் பரீட்சை நேரம். முடிந்ததும் எழுதலாம் என்று புத்தகத்துக்குள் வைத்தேன்.