லகான் பிடிச்ச கை

மே 4, ஞாயிறு

எங்கள் குதிரை செம்பி நாலரை மணிக்கே கனைத்து எழுப்பிவிட்டாள். கன்னடியன் கால்வாய்க் கரையில் இரண்டு நடை வண்டி ஓட்டினேன். கை காய்த்துப்போனதை அம்மா பார்த்துவிட்டு, "இந்தக் கையைக் காட்டித்தான் மாப்பிள்ளை பார்க்கணுமா?" என்றாள்.

அப்பா ஒரு காலத்தில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோ வந்து அந்தப் பிழைப்பு போச்சு, குதிரைப் பித்து மட்டும் போகவில்லை. இப்போது முழங்கால் மடங்காது. லகான் என் கைக்கு வந்தது அப்படித்தான், யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

கொள்ளு விஷயத்தில் மட்டும் இன்னும் என்னை நம்ப மாட்டார். காயல் துறையில் அரபுக் குதிரை வந்து இறங்கியதை எழுதிய மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்கு வேகவைத்த அரிசியும் கறியும் போட்டுக் கொல்கிறார்கள் என்கிறார். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் நம்ம வீட்டுக்கு வரலட்டி" என்றார்.

மே 9, வெள்ளி

கோயில் கொடைக்கு நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் சின்னக் குதிரைப் பிரிவுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். சாரதி என்ற இடத்தில் என் பெயர்.

"ஒங்கப்பன் பேரைப் போடு தாயி. ஓட்டதுக்கு ஒம் மாமன் மவன ஏத்திவிடு" என்றார் பெயர் எழுதியவர்.

கிண்டி ரேஸில் ரூபா சிங் ஜாக்கியாக ஓட்டி ஜெயிக்கவில்லையா என்று கேட்டேன். "அது மெட்ராஸ்லா!"

நான் ஏறினால் வண்டி பூட்ட மாட்டோம் என்று மூன்று குதிரைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

ராத்திரி டயேன் கிரம்ப் என்ற அமெரிக்கப் பெண் ஜாக்கி பற்றிப் படித்தேன். 1969 பிப்ரவரி 7, ஃப்ளோரிடாவில் ஹயாலியா மைதானம். இருபது வயசுப் பிள்ளையைக் கூட்டத்துக்குள் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அவளோடு ஓட்ட மாட்டோம் என்று ஜாக்கிகள் சிலர் ஒதுங்க, வேறு ஆள் ஏறி 12 குதிரையும் ஓடியது. அவள் பத்தாவது. அடுத்த வருசமே அந்நாட்டின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியில் ஏறிவிட்டாள்.

அங்கே மாட்டேன் என்றவன் கூலிக்கு ஓட்டுகிறவன். அவன் இறங்கினால் இன்னொருவன் ஏறுவான். இங்கே மாட்டேன் என்பது குதிரைக்கே சொந்தக்காரன். தூக்கம் வரவில்லை.

மே 13, செவ்வாய்

ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர் நேற்று ஓய்வு அறிவித்துவிட்டார். அயர்லாந்தில் பால்மாட்டுப் பண்ணை வீட்டுப் பெண். 2021 ஏப்ரலில் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரை மேல் ஏறி, இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் தடை தாண்டும் பந்தயத்தை ஜெயித்தார். நாலு மைலுக்கு மேல் ஓட்டம், 30 தாண்டல். அந்தப் பந்தயத்தை ஜெயித்த முதல் பெண். கொரோனாவால் கைதட்டக்கூட அன்றைக்குக் கூட்டம் இல்லை.

1977-ல் அதில் முதலில் ஏறிய பெண்ணான சார்லட் புரூவின் குதிரை 27-ஆம் தாண்டலில் நின்றுவிட்டது. 1982-ல் ஜெரால்டின் ரீஸ் ஓடி முடித்தார். எட்டாவது, அதுதான் கடைசி இடமும். எனக்கு ரேச்சலைவிட இந்தக் கடைசிக்காரியைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

மே 21, புதன்

கொடை முடிந்தது. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் மஞ்சள் தண்ணி. செம்பிக்கு லாடம் அடித்தாச்சு.

மே 25, ஞாயிறு

மாட்டோம் என்ற மூன்று பேருமே வந்துவிட்டார்கள்! ஒரு மாசமாகக் கொள்ளுக்குச் செலவழித்தவனின் வீம்பு எத்தனை நாளைக்கு? அதில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல், "வார்ப்பட்டை தளர்ந்திருக்கு, பாத்துக்க" என்று செம்பியிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.

ஏழு வண்டி. கொடி அசைந்ததும் செம்பி மிரண்டு இடப்பக்கம் இழுத்தாள். அங்கேயே இரண்டு வண்டி முந்திவிட்டது. திருப்பத்தில் ஒன்றைப் பிடித்தேன். புழுதியில் முன்னால் யார் என்றே தெரியவில்லை, வாயெல்லாம் மண். நாலாவதாக வந்தேன். பரிசு மூன்று வரைக்கும்தான்.

மைக்கில், சாரதி என்று அப்பா பெயரை வாசித்தார்கள். பெண்கள் பக்கமிருந்து ஓர் ஆச்சி எழுந்து, "ஏலேய், ஓட்டுனது அந்தப் பிள்ளைலா!" என்று கத்தினாள். மைக் கொஞ்சம் கரகரத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் செம்பியைக் கால்வாயில் இறக்கிக் குளிப்பாட்டினேன். வலது முன்காலை ஊன்றத் தயங்குகிறாள். நாளைக்கு லாடத்தைக் கழற்றிப் பார்க்கணும்.