தலையணை உறை

மார்ச் 3
தலையில் அறுவை செய்துகொண்ட அக்காவின் தலையணை உறையில் அந்த ஈரத்தை ஞாயிற்றுக்கிழமையே பார்த்தேன், இன்று செவ்வாய். காய்ச்சல் 38.9 ஆன பிறகுதான் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம்.

மார்ச் 4
இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்தார்கள். தெளிந்திருக்க வேண்டியது கலங்கியிருந்தது. அறுவையின்போது கசிந்த இரத்தமே அந்நீரில் வெள்ளணுக்களைக் கூட்டிவிடும் என்பதால் அவற்றை மட்டும் எண்ணி முடிவுக்கு வர இயலாது என்றும், சர்க்கரை குறைந்து லாக்டேட் ஏறியிருப்பதே கிருமித் தொற்றோ என்று தமக்குக் கவலை தருகிறது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கிருமி இன்னதென்று தெரியும்வரை காத்திராமல் வேங்கோமைசின், மெரோபெனம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளைத் தொடங்கிவிட்டார்கள்.

மார்ச் 5
உறங்கவில்லை.

மார்ச் 6
கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதிலும் மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத வகை. மெரோபெனத்தை நிறுத்திவிட்டு வேங்கோமைசினைத் தொடர்கிறார்கள். அறுவையில் வெட்டியெடுத்துத் திரும்பப் பொருத்திய மண்டையோட்டு எலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. கிருமிகள் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து அங்கே போய்ச் சேராது. ஆகவே அந்த எலும்பை எடுத்தாக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் எலும்பு தப்பியிருக்குமா என்று கேட்டேன். ஈரம் தெரிவதற்கு வெகு முன்பே கிருமி ஒட்டியிருக்கும் என்றார் மருத்துவர். தப்பியிருக்காது என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 8
எடுத்துவிட்டார்கள். அத்தான் கையெழுத்திட்டார். தலையின் வலப்பக்கம் எலும்பு இல்லை என்று எழுதிப் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 13
காய்ச்சல் இறங்கியது. ஈசூனிலிருந்து வந்த சித்தி, இனி மருந்தைக் குறைக்கலாமே, சிறுநீரகம் என்னாவது என்றார். எனக்கும் அந்த அச்சம் உண்டு; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைத் தினமும் கேட்டு எழுதி வைக்கிறேன். ஆனால் மூளையுறையின் அழற்சி தணியத் தணிய மருந்து உள்ளே புகுவதும் குறைந்துவிடும் என்பதால், நலமாகத் தோன்றும் இந்நாள்களில்தான் அளவைக் குறைக்கக் கூடாதாம். அடுத்த வேளை மருந்துக்கு முன் இரத்தம் எடுத்து, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்தே அளவை முடிவு செய்கிறார்கள்.

மார்ச் 17
அம்மா வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனார். நான் தேக்காவில் வெள்ளைத் தலையணை உறைகள் ஆறு வாங்கினேன். பூப்போட்ட துணியில் கறை தெரிவதில்லை.

மார்ச் 20
மருந்து செலுத்தக் கையில் நீண்ட குழாய் பொருத்தினார்கள். மருந்து மொத்தம் 6 வாரம். டைட்டானியத் தகடு வைப்பது பல மாதங்களுக்குப் பிறகுதான். அக்கா கண்ணாடி கேட்டாள். நாளை கொண்டுவருகிறேன் என்றேன்.

மார்ச் 21
கண்ணாடியைக் கொண்டுபோகவில்லை.

மார்ச் 22
காலையில் உறையில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு ஈரம். உடனே தாதியை அழைத்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வியர்வைதான் என்றார். மருத்துவரும் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.