ஆச்சியின் ‘ஆம்’

பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு ஒரு வேலை நிரந்தரமாகிவிட்டது. பேங்க்கிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம் வரும், மருந்துச் சீட்டு வரும், பாஸ்போர்ட் விண்ணப்பம் வரும். ஒருமுறை மாமா ஒருவர் நிலத் தகராறு வக்கீல் நோட்டீஸையே தூக்கிக்கொண்டு வந்து, "இதுல என்னதாம்மா சொல்லுதான்?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது 14-ம் நூற்றாண்டில் கேன்டர்பரிக்குப் போன யாத்ரீகர்களைப் பற்றிய நோட்ஸை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அந்த நோட்டீஸில் இருந்த இங்கிலீஷுக்கும் என் நோட்ஸில் இருந்த இங்கிலீஷுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தாலும் தெரியாது என்று சொன்னால் அம்மாவுக்கு மானம் போய்விடும் என்பதால் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடி ஏதோ சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கல்லூரி பாளையங்கோட்டையில், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதனால் வீட்டிலும் மறுப்பு சொல்லவில்லை. முதல் இரண்டு வருஷம் நாங்கள் படித்தது இலக்கியமா என்று கேட்டால், கைடு என்றுதான் சொல்வேன். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. ஐந்து மார்க்குக்கு ஒரு பக்கம், பத்து மார்க்குக்கு நாலு பக்கம், பக்கத்தை நிரப்பத் தெரிந்தவருக்கு அரியர் கிடையாது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ எங்களுக்குப் பாடம். கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, பிறகு ‘ஐரனி’ (சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு) என்று ஒரு தலைப்பு, இந்த மூன்றையும் உருப்போட்டு, நாவலை ஒரு பக்கம்கூடத் திறக்காமல் 75-க்கு 54 வாங்கினேன். வெட்கமெல்லாம் படவில்லை, அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம்.

ஐந்தாவது செமஸ்டரில்தான் ‘கிரியேட்டிவ் ரைட்டிங்’ வந்தது. விருப்பப் பாடம், வாரத்துக்கு நாலு மணி நேரம், எடுத்தவர்கள் மொத்தம் 12 பேர். எடுத்ததற்குக் காரணம் ஆசை இல்லை, அதில் மனப்பாடம் குறைவு என்று சீனியர்கள் சொன்னதுதான்.

முதல் மாதம் கவிதை. சானெட் எழுதச் சொன்னார்கள். 14 வரி, வரிக்கு 10 அசை, அழுத்தமில்லாதது ஒன்று, அழுத்தமுள்ளது ஒன்று என்று ஐந்து ஜோடி. எண்ணிக்கை எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, நேர் நிரை என்று அலகிட்டுப் பழகிய கைதானே. ஆனால் தமிழில் கணக்கு குறில், நெடில், ஒற்றில் இருக்கிறது, அது எழுத்திலேயே கண்ணுக்குத் தெரியும். இங்கிலீஷில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை எழுத்து சொல்லாது, காது சொல்ல வேண்டும், எங்கள் காதோ அதைக் கேட்டே வளரவில்லை. ஃபொனெட்டிக்ஸ் பேப்பரில் 44 ஒலிகளையும் ஒப்பித்தவர்கள்தான் நாங்கள், இருந்தும் பெஞ்சில் தட்டித் தட்டி எழுதிய சானெட்டை வாசித்துக் காட்டினால் பாதிப் பேருடையது வெண்பா ஓசையில் போனது. மேம் சிரித்துவிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த யூனிட் சிறுகதை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் ஒரு எழுத்துப் பட்டறை தொடங்கினார்களே, அங்கிருந்து பரவிய ஒரு முறை இருக்கிறது: கதையை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், எல்லோரும் படித்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசுவார்கள், எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970-லிருந்து இதற்கென்று எம்.ஏ. படிப்பே இருக்கிறது, நோபல் வாங்கிய கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர்தான். நமக்கு ஒரே ஒரு பேப்பர், அதுவும் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், ஃபேன் பாதி நேரம் ஓடாது. இருக்கட்டும். வாயைத் திறக்கக் கூடாது என்ற அந்த விதி இருக்கிறதே, அதை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளுக்குப் போடுவது தண்டனை.

என் கதை ஆச்சி சொன்ன கதை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஆறு வருஷம் துபாயில் இருந்துவிட்டு ஒருநாள் ராத்திரி கையை வீசிக்கொண்டு வந்து இறங்கினார். மறுநாள் காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே ஆச்சி சொன்னாள்: "பதினோரு மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்குனானாம். பொட்டி ஒண்ணும் இல்லியாம். பொண்டாட்டிக்கே அவன் வரது தெரியாதாம்." இதை அப்படியே இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். அவர் 11 மணிக்கு வந்தார், பெட்டி கொண்டுவரவில்லை, மனைவிக்குத் தெரியாது. எழுதி முடித்துப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய ரிப்போர்ட் மாதிரி இருந்தது. எங்கே போனாள் ஆச்சி?

ரொம்ப நேரம் கழித்துத்தான் பிடிபட்டது, போனது அந்த ‘ஆம்’. இறங்குனானாம், இல்லியாம், தெரியாதாம். நான் பார்க்கவில்லை, ஆனால் கேள்விப்பட்டேன், நாளைக்கு இது பொய் என்று ஆனால் என்னைக் கேட்காதே, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இத்தனையும் அந்த இரண்டெழுத்து வாலில் இருக்கிறது. சரி என்று ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ‘இட் சீம்ஸ்’ போட்டேன், நம் ஊர் இங்கிலீஷில் நாம் எல்லோரும் பேசுவதுதானே. ஒரே பத்தியில் ஒன்பது ‘இட் சீம்ஸ்’.

பட்டறை நாளில் 11 பேரும் பேசினார்கள், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதை சொல்கிறவருக்கு எல்லாவற்றிலுமே சந்தேகமா என்று ஒருத்தி கேட்டாள். ராத்திரி வந்து இறங்கியது பேய் என்று கடைசி வரை நினைத்தேன் என்றான் ஒருவன், அவன் கதையில் நான் அடுத்த வாரம் பழி வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம். மேம் மட்டும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை யாரும்மா சொல்றா? நீயா, தெருவா?"

திருத்தி எழுத இரண்டு வாரம் ஆனது. ‘இட் சீம்ஸ்’ அத்தனையையும் அடித்தேன். அடித்துவிட்டு, சந்தேகத்தை எடுத்து ஆச்சியின் வாய்க்குள்ளேயே திரும்பப் போட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஆறு வருஷம் துபாயில் கிடந்தவன் ஒரு கோடாலித் தைல பாட்டிலாவது கொண்டுவர மாட்டானா? ஆச்சி சொன்னாள் என்ற ஒட்டே இல்லை, மேற்கோள் குறி இல்லை. கதை சொல்கிறவர் சொல்வது மாதிரிதான் இருக்கிறது, ஆனால் கோடாலித் தைலத்தை எதிர்பார்ப்பது யார் என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

மேம் படித்துவிட்டு, "இதத்தான் ஆஸ்டின் 1813-ல செஞ்சாங்க, போன வருஷம் படிச்சீங்கல்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன். எங்கே படித்தேன்?

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் அந்த நாவலை முதன்முறையாகத் திறந்தேன். வசதியான பிரம்மச்சாரி ஒருவனுக்குக் கட்டாயம் ஒரு மனைவி தேவைப்படும், இது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்றுதான் தொடங்குகிறது. இதைப் போன வருஷம் ‘ஐரனி’ என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், ஐரனி என்றால் என்ன என்றும் ஒன்றரைப் பக்கம் எழுதுவேன். கயத்தாறு தாண்டும்போதுதான் உறைத்தது, இது அந்தம்மாவின் கருத்தே இல்லை, தெருவின் கருத்து. பொண்ணுகளை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு அலைகிற அம்மாக்களின் கருத்து. காசு இருக்கிறவனுக்குப் பொண்டாட்டி வேணுமாம்! அந்த ஆம் இங்கிலீஷில் கிடையாது, அதனால் அதை முழு வாக்கியத்தின் தொனியில் கரைத்து வைத்திருக்கிறார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன், பக்கத்திலிருந்த அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கதையை ஆச்சிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நான் எப்பட்டீ தைலம் கொண்டுவரலன்னு சொன்னேன்? அது மேலத்தெருக்காரி சொன்னால்ல" என்றாள்.

அந்தக் கதைக்கு இன்டர்னலில் 25-க்கு 21. செமஸ்டர் பரீட்சையில் கிரியேட்டிவ் ரைட்டிங் பேப்பரின் பத்து மார்க் கேள்வி, சிறுகதையின் கூறுகளை விவரி என்று வந்தது. கதைக்கரு, பாத்திரம், களம், முரண், நோக்குநிலை என்று கைடில் இருந்தபடியே வரிசையாக அடிக்கோடு போட்டு நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.